இருங்காட்டுக்கோட்டையா, செட்டிபாளையமா, சென்னைத் தெருவா? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ரேஸ் நாள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு ரேஸ் வண்டி ஒன்றும் அதிசயம் இல்லை. ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது. அதன் ரேஸ் அணி 1982 முதல் களத்தில் நிற்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் ஸ்கூட்டர் தொழிற்சாலை. சிப்காட்டில் போல்ட், கியர், பிரேக் பாகம் என்று ஏதாவது ஒன்றைச் செய்து பிழைப்பவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது என் தம்பி. ஆனால் அந்த வண்டிகள் பந்தயத்தில் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டுமானால் எந்தத் திசையில் போனாலும் 200 கி.மீ. தாண்ட வேண்டும். கிழக்கே சென்னைக்குப் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டை. தெற்கே கோவையை ஒட்டிச் செட்டிபாளையம். 2024-இல் சென்னை நகரத் தெருவும் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டது. எதற்குப் போவது என்பதில் தம்பிக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி.

முதலில் இருங்காட்டுக்கோட்டை. எங்கள் பெரியப்பா தலைமுறைக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான்; இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே நிரந்தரத் தடம் கட்டி 1990-இல் இங்கே வந்துவிட்டது. ஒரு சுற்று 3.717 கி.மீ., 12 வளைவுகள். ரேஸ்காரர்கள் ‘சி1’ என்று சொல்லும் முதல் வளைவு வேகமாக எடுக்கும் வலது வளைவு. பைக்குகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நேர்சாலையில் பாய்ந்து வந்து, அங்கே கொத்தாகச் சாய்வதைப் பார்ப்பதற்கே போகலாம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்று குறைவு. அதில் ஒட்டிக்கொண்டே வந்து, வளைவுக்குச் சற்று முன்னால் வெளியே எட்டிப் பார்த்து முந்துவார்கள். டிவியில் இந்த எட்டிப் பார்ப்பது தெரியாது, முந்தியது மட்டும்தான் தெரியும்.

வழி சுலபம். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா என்று ஒரே சாலை. தடமும் அதே சாலையோரம்தான். ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நிற்கும் வேலையே இல்லை. பெட்ரோலும் சுங்கமும்தான் செலவில் பெரும்பங்கு. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவதா வேண்டாமா என்ற பேச்சு காரில் எழும். போகும்போது நிறுத்தினால் காலைப் பந்தயம் போய்விடும், திரும்பும்போது நிறுத்துங்கள்.

செட்டிபாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வே வேறு குணம். கோவைக்காரரான கரிவரதன் பெயரில் உள்ள தடம் இது. மாருதி இஞ்சினை வைத்து இந்தியாவிலேயே ஃபார்முலா கார் (ஒற்றை இருக்கை ரேஸ் கார்) கட்டிக் காட்டியவர் அவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். 2005-இல் அவர் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார். அந்த ஊரில் டீக்கடையில் நிற்பவருக்கும் ரேஸ் பற்றி ஒரு கருத்து இருக்கும், பெரும்பாலும் உரத்த கருத்து.

தடம் சின்னது, ஏறக்குறைய 2.1 கி.மீ. சின்னது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். பார்ப்பவருக்கு அதுதான் லாபம். இருங்காட்டுக்கோட்டையில் பைக் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். காரியில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நீங்கள் நிற்கும் இடத்தைக் கடந்த வண்டி, பக்கத்தில் இருப்பவரிடம் “அந்தப் பச்சை வண்டியைப் பாத்தியா” என்று கேட்டு முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும். யார் யாரைத் துரத்துகிறார் என்பதை மறக்க நேரம் கிடைக்காது. முதல் முறை பார்ப்பவரைக் கூட்டிப்போவதானால் நான் காரிதான் சொல்வேன். தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான். நீண்ட தடத்தில்தான் இஞ்சினின் உண்மை தெரியும் என்பது அவன் வாதம். எனக்கு இஞ்சினின் உண்மை வேண்டாம், முந்துவது தெரிந்தால் போதும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குக் காரியில் ஒரு சிக்கல் இருக்கிறது: சேலத்துக்கு முன்னால் வரும் தொப்பூர் கணவாய். காலையில் இறங்கும்போது லாரிகளுக்கு நடுவே கவனமாக இருக்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நின்று களைத்து, இரவில் சேலம் தாண்டி அதில் ஏறும்போது இன்னும் கவனம் வேண்டும். ரயிலில் போகலாமே என்பார்கள். தருமபுரியில் வந்தே பாரத் நிற்கிறதுதான். ஆனால் அது காலையில் கோவையிலிருந்து பெங்களூருவுக்கும் பிற்பகலில் பெங்களூருவிலிருந்து கோவைக்கும் ஓடுகிற வண்டி. நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ். கிருஷ்ணகிரி ஊரிலோ ரயில் நிலையமே கிடையாது. அதனால் காரிக்குப் போவதானால் சனிக்கிழமை மாலையே கிளம்பி, சேலத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டுப் போவதுதான் புத்தி. அப்படி ஒரு வீடு இல்லாதவர்கள் இருங்காட்டுக்கோட்டையைப் பார்க்கலாம்.

சென்னைத் தெருப் பந்தயம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. அண்ணா சாலையில் ஃபார்முலா 4 கார் போவது கண்கொள்ளாக் காட்சிதான். ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் என்கிற இந்தியன் ரேசிங் லீக் ஓட்டமும் அங்கே நடந்தது. ஆனால் தெருத்தடத்தின் இயல்பு ஒன்று உண்டு: இரு பக்கமும் கான்கிரீட் சுவர், அதன் மேல் கம்பி வலை. பாதுகாப்புக்கு அது இல்லாமல் முடியாது. பார்ப்பவருக்குக் கிடைப்பது அந்த வலை வழியாக ஒரு துண்டு. வண்டி சத்தத்தோடு வந்து சத்தத்தோடு போய்விடும், முந்தியது வேறு தெருவில் நடந்திருக்கும். தேதியையும் நம்ப முடியாது. முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. நடந்தபோதும் தடத்துக்கான பாதுகாப்புச் சான்று வரத் தாமதமாகி சனிக்கிழமை நிகழ்ச்சிகள் பின்னால் போயின. சென்னைவாசி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். 250 கி.மீ. வந்தவர் எங்கே போவார்?

எந்தத் தடம் என்பதைவிட முக்கியமானது அந்த வார இறுதியில் நடப்பது கார்ப் பந்தய ரவுண்டா, பைக் பந்தய ரவுண்டா என்பது. இதில் மட்டும் எனக்கும் தம்பிக்கும் ஒரே கட்சி: பைக்.

ஃபார்முலா 4-இல் எல்லாருக்கும் ஒரே சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஒரே இஞ்சின். திறமையை அளக்க அது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஹெல்மெட்டைத் தவிர ஓட்டுநர் உங்களுக்குத் தெரியமாட்டார். பைக்கில் ஆள் முழுசாகத் தெரிகிறார். பின்பக்கத்தை சீட்டிலிருந்து நகர்த்தி, முழங்காலை வெளியே விட்டு, தலையைக் கைப்பிடிக்குக் கீழே கொண்டுபோகிறார். எவருக்குத் துணிச்சல், எவருக்குத் தயக்கம் என்பதை முதல் பத்து நிமிடத்தில் நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதோடு, ஓடுவது நம் தெருவில் ஓடும் டிவிஎஸ் அப்பாச்சியின் உறவுக்கார வண்டி. எல்லாரும் ஒரே மாதிரி வண்டி ஓட்டும் டிவிஎஸ்ஸின் ஒன் மேக் பந்தயம் 1994 முதல் நடக்கிறது. 2019-இல் எஃப்ஐஎம் (உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) நடத்தும் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேயும் டிவிஎஸ் அணிதான். அது மண்ணும் மணலுமான கரடுமுரடான பாதையில் ஓடும் பந்தயம், தடத்தில் நடப்பதல்ல. ஆனாலும் ஓசூர் பேட்ஜ் ஓசூர் பேட்ஜ்தானே.

நாங்கள் போன பைக் ரவுண்டில் வண்டிகள் நிற்கும் பேடாக் வரை விட்டார்கள். (எல்லா ரவுண்டிலும் விடுவார்கள் என்று நம்பிப் போக வேண்டாம்.) தம்பி ஒரு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் எழவே இல்லை. “அக்கா, இங்க பாரு” என்று இஞ்சினுக்கு அடியில் காட்டினான். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஊசி நுழையும் அளவு துளை. அதில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, இஞ்சின் உடம்போடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதிர்வில் போல்ட் தளர்ந்து ஆயில் சிந்தினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். போல்ட் திரும்பவே கூடாது என்பதற்காக அந்தக் கம்பி. “நாங்க டார்க் ரெஞ்ச் வச்சு டைட் பண்ணி அனுப்புறோம், இவங்க அதையும் நம்பல பாரு” என்றான். வருத்தமா பெருமையா என்று அவன் குரலில் பிடிபடவில்லை.

குவாலிஃபையிங் என்பது புரியாமல் சனிக்கிழமை போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க எருது விடும் விழாவைச் சொன்னால் போதும். காளையை ஒவ்வொன்றாக விட்டு, குறித்த தூரத்தை எது குறைந்த நேரத்தில் தாண்டுகிறது என்று கடிகாரம் பிடிப்போமே, அதேதான். தடத்தில் பல வண்டிகள் சுற்றினாலும் போட்டி கடிகாரத்தோடு. அந்த நேரத்தை வைத்துத்தான் பந்தயம் தொடங்கும்போது நிற்கும் வரிசை முடிவாகும். ஒரே நாள்தான் முடியும் என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியது தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு. ஆகஸ்ட், செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் சாயங்காலம் இடிமழை வரலாம், மழைக்கோட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஈரத்தடத்தில் பின்வரிசைப் பையன் முன்னால் வருவதைப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான்.

பெங்களூருவுக்குப் போய் கோ-கார்ட் ஓட்டலாமே, 90 கி.மீ.தானே என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக ஓட்டலாம், ஆனால் அது பார்க்கும் நாள் இல்லை, ஓட்டும் நாள். அங்கே எடை குறைந்தவர் கை ஓங்கும். நான் தம்பியை முந்தினேன். என் வண்டியின் இஞ்சின் நல்லதாக அமைந்துவிட்டது என்று அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.