ஜப்பானியச் சொற்கள்: பட்டியல் புத்தகமா, வாக்கிய அட்டையா?

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்காக என்5, என்4 என்று நிலைவாரியாகச் சொற்களை அடுக்கிய புத்தகமா, ஆங்கி என்ற மனப்பாடச் செயலியில் சொல்லை வாக்கியத்தோடு காட்டிக் கேட்கும் வாக்கிய அட்டையா என்று குழம்புகிறவர்களுக்கு.

செலவு: புத்தகம் ஒவ்வொரு நிலைக்கும் தனிக் காசு.
ஆங்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் பணம்.

சுலபம்: புத்தகம் திறந்தால் போதும்.
செயலியில் முதலில் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நினைவில் நிற்பது: இங்கேதான் பெரிய வித்தியாசம். 'தொமெரு', 'தொமரு' இரண்டுக்கும் என் பட்டியலில் ஒரே பொருள்தான் போட்டிருந்தது. முதலாவது வண்டியை நிறுத்துவது, மற்றது வண்டி நிற்பது. நம் நிறுத்து, நில் மாதிரிதான், வாக்கியத்தோடு பார்த்தால் ஒரு நொடியில் புரிகிற இதைப் பட்டியலில் வைத்து மாதக்கணக்கில் குழப்பிக்கொண்டேன். அட்டையிலும் ஒரு தொல்லை உண்டு: அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால், சொல்லைப் படிக்காமல் வரியின் உருவத்தைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிவிடுவோம். சொல்லுக்கு 2 வாக்கியமாவது வேண்டும்.

உச்சரிப்பு: 'ஹஷி'யில் முதல் அசை உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம். ஒலி சேர்த்த அட்டையில் இது காதில் விழும். புத்தகக்காரர்கள் எந்த அசை உயரும் என்று காட்டும் சுரக்குறியாவது போடலாமே, கூடவே தொமெரு, தொமரு மாதிரி ஜோடி வினைகளை அருகருகே வைக்கலாம்.

அப்புறம், 'முழுப் பட்டியல்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். 2010-இல் மாறிய ஜேஎல்பிடி தேர்வுக்கு அதிகாரப்பூர்வச் சொற்பட்டியலே கிடையாது.

தேர்வுக்கு 2 மாதம்தான் இருக்கிறது, எது விட்டுப்போனது என்று பார்க்க வேண்டும் என்றால் புத்தகம். பேசவும் படிக்கவும் வேண்டுமென்றால் அட்டை, அதுவும் நீங்களே படித்த வரிகளிலிருந்து செய்தது.