ஸ்கேனரைக் கணினி மறந்துவிட்டால்: கேபிளா, டிவைஸ் மேனேஜரா, சர்வீஸா?

பழைய சிற்றிதழ் ஒன்றின் 37ஆம் பக்கத்தை எடுத்து முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து 38ஆம் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொடுக்கினால், ஸ்கேனர் இணைக்கப்படவில்லை என்கிறது திரை. விளக்கு எரிகிறது, கேபிள் செருகியபடியே இருக்கிறது. கணினிக்கு மட்டும் அது அந்நியமாகிவிட்டது.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்க வடிவமைப்புக் கோப்பு, அட்டவணை, பாதி திருத்திய படங்கள் என்று திறந்து வைத்த எல்லாவற்றையும் மூட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் என் பழைய கணினி மீண்டும் வேலைக்குத் தயாராக ஏழு நிமிடம் ஆகிறது. நாளுக்கு மூன்று முறை இப்படி நடந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷட் டவுன் செய்து மறுபடி போட்டாலும் ஸ்கேனர் வரவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் நிலையில், ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல. இயங்குதளத்தின் உள் நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. சிக்கலும் கூடவே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் மட்டுமே புதிதாகத் தொடங்குகிறது.

கணினியை அணைக்காமல் ஸ்கேனரை மீட்க விண்டோஸில் மூன்று வழிகள் இருக்கின்றன: கேபிளைப் பிடுங்கிச் செருகுவது, கணினியோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர், ஸ்கேனரைக் கவனிக்கும் சர்வீஸை (பின்னணியில் ஓடும் துணை நிரலை) மட்டும் நிறுத்தித் தொடங்குவது. மூன்றையும் மாதக்கணக்கில் செய்து பார்த்துவிட்டு மூன்றாவதில் நிலைத்துவிட்டேன்.

டிவைஸ் மேனேஜரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ் என்று ஒரு கட்டளை உண்டு. பட்டியலில் இல்லாத கருவியைத் தேடிப் பிடிக்க அது உதவும். ஏற்கெனவே பட்டியலில் இருந்துகொண்டே பேச மறுக்கும் ஸ்கேனரை அது தொடுவதில்லை. அதற்கு இமேஜிங் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் ஸ்கேனரின் பெயரை வலச் சொடுக்கி, டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்ய வேண்டும். நல்ல வழிதான். ஆனால் டிசேபிள் செய்ததும் சில சமயம் விண்டோஸ் ரீஸ்டார்ட் கேட்கிறது. எதைத் தவிர்க்க வந்தோமோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

கேபிளைப் பிடுங்கிச் செருகுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஓராண்டுக்கு மேல் நானும் அதைத்தான் செய்தேன். அதற்கான விலையை ஸ்கேனரின் பின்புறம் கொடுத்தது.

என் முதல் ஸ்கேனரின் பின்னால் இருந்தது சதுர வடிவ பி வகை சாக்கெட். முதலில் கேபிள் இறுக்கமாக அமரும். சில மாதங்களில் செருகும்போது வந்த 'க்ளிக்' போய்விட்டது. பிறகு கேபிளை இடப்பக்கம் லேசாக வளைத்து வைத்தால் மட்டும் இணைப்பு நிற்கும். மூடியைத் திறக்கும் அதிர்ச்சிக்கே அறுந்துவிடும். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றி, சாக்கெட்டின் கால்கள் பலகையோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருப்பதைக் காட்டினார். பற்றவைத்துக் கொடுக்க ஒரு வாரம் ஆனது.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. யூஎஸ்பி தர வரையறையில் வழக்கமான ஏ, பி வகை இணைப்புகளுக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 1,500 முறை செருகிப் பிடுங்குவது. மினி வகைக்கு 5,000, மைக்ரோவுக்கும் சி வகைக்கும் 10,000. நாளுக்கு நான்கு முறை, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 1,200 ஆகிவிடுகிறது. ஒன்றேகால் ஆண்டில் கணக்கு முடிந்தது. ஸ்கேனர் பக்கத்தை விட்டுவிட்டுக் கணினி பக்கத்தில் பிடுங்கினால் தேய்வது கணினியின் ஏ வகை சாக்கெட். அதற்கும் அதே 1,500தான்.

கேபிளைத் தொடாமல் ஸ்கேனரின் மின்சாரத்தை அணைத்துப் போடலாமே என்றால், தனி அடாப்டர் உள்ள ஸ்கேனர்களில் முடியும். ஆனால் குளிர் கேதோடு எனப்படும் குழல் விளக்கு உள்ள பழைய ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் சூடேறி நிலைக்கு வர வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் தாளின் நிறம் மாறித் தெரிகிறது. எல்இடி விளக்கு உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய எல்இடி ஸ்கேனர்கள் பலவும் யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்குகின்றன. அவற்றை அணைக்க மறுபடியும் கேபிளைத்தான் பிடுங்க வேண்டும்.

இனி நான் செய்வது. விண்டோஸில் ஸ்கேனர்களைக் கவனித்துக்கொள்ள விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன் என்று ஒரு சர்வீஸ் பின்னணியில் ஓடுகிறது. ஸ்கேனருக்கும் ஸ்கேன் மென்பொருளுக்கும் நடுவில் நிற்கும் தரகர் என்று சொல்லலாம். ஸ்கேனர் தூங்கி எழுந்த பிறகு இந்தத் தரகர் பழைய தொடர்பையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்களுக்குக் காரணம். சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரை வலச் சொடுக்கி ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். கணினி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், திறந்த கோப்புகள் திறந்தபடி இருக்கும். ஸ்கேன் சாளரத்தை மட்டும் மூடித் திறந்தால் 38ஆம் பக்கம் வந்துவிடுகிறது. என் கடிகாரத்தில் இருபது விநாடி.

சர்வீஸ் நிற்காமல் 'ஸ்டாப்பிங்' என்றே இழுத்துக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் ஸ்கேனரை விடாமல் பிடித்திருக்கிறது என்று பொருள். சேமிக்க வேண்டியதைச் சேமித்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளை முடித்துவிட்டால் சர்வீஸ் வழிக்கு வரும்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. டிவைஸ் மேனேஜர் பட்டியலில் ஸ்கேனரின் பெயர் மஞ்சள் குறி இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சர்வீஸ். பெயரே இல்லையென்றால் பெரும்பாலும் கேபிளிலோ மின்சாரத்திலோதான் கோளாறு. சர்வீஸை எத்தனை முறை தட்டினாலும் பயன் இல்லை. அலுவலகங்களில் உள்ள, தாளை உள்ளிழுக்கும் வேக ஸ்கேனர்களில் நான் இதை இரண்டே முறை செய்திருக்கிறேன். ஒரு முறை பலித்தது, மறுமுறை கேபிளைப் பிடுங்கவே வேண்டியிருந்தது. அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல அது போதாது. ஒரு சாக்கெட்டைப் பலவாகப் பிரித்துத் தரும், தனித்தனி சுவிட்ச் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றையும் இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். கேபிள் வழி மின்சாரம் எடுக்கும் ஸ்கேனருக்கு அது பொருத்தமாகத் தோன்றியது, சாக்கெட் தேயாது. நீண்ட நாள் உழைக்குமா என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சிக்கல் வருவதையே குறைக்க, டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் (கணினியின் யூஎஸ்பி சாக்கெட்டுகளைக் கவனிக்கும் பகுதி) பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டேன். மடிக்கணினியில் பேட்டரி சற்றுச் சீக்கிரம் இறங்கும். மேசைக் கணினியில் இழப்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நாளுக்கு மூன்று முறை வந்த செய்தி வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. அந்த ஒரு முறைக்காக, சர்வீஸை நிறுத்தித் தொடங்கும் இரண்டு வரிக் கட்டளையை, சொடுக்கினால் தானே ஓடும் ஒரு பேட்ச் கோப்பாக டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். பழுது பார்த்து வந்த ஸ்கேனரின் சாக்கெட்டில் செருகிய கேபிள் இரண்டாண்டாக அப்படியே இருக்கிறது.