சரிவில் இந்த டிப்பர் எப்படி? பத்து மாத அனுபவம்

பத்துச் சக்கர டிப்பர் ஒன்றைக் கடந்த பத்து மாதங்களாகக் கல்குவாரிப் பாதைகளில் ஓட்டி வருகிறேன். ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின், ஒன்பது கியர். ஏற்றத்தில் இதன் இழுவையைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. இறக்கத்திலும், சரிவில் எஞ்சின் ஓட நிறுத்தி வைக்கும்போதும் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதே இங்கு நான் எழுத வந்தது.

முதலில், எஞ்சினைக் கொண்டே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கைப் பாராட்டியாக வேண்டும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில், முழுப் பாரத்துடன் மூன்றாம் கியரில் வரும்போது, சுவிட்சைப் போட்டுவிட்டால் பிரேக் மிதியில் கால் வைக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சாதாரண எக்சாஸ்ட் பிரேக் புகைக்குழாயை அடைத்து எஞ்சினைத் திணற வைக்கும். இதிலுள்ளதோ, பிஸ்டன் காற்றை அமுக்கி முடிக்கும் தறுவாயில் எக்சாஸ்ட் வால்வைத் திறந்து, அந்தக் காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளாதபடி வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்க டீசல் எஞ்சின் முன்னோடி கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியின் பிரேக் கைவிட, உயிர் தப்பி இறங்கியவர். அந்த அனுபவத்தில் பிறந்த இந்த பிரேக் 1961இல்தான் விற்பனைக்கு வந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) 1,800க்கு மேல் இருந்தால்தான் இதற்கு வலு. 1,200க்கு இறங்கினால் பெயரளவில்தான் பிடிக்கும். ஆகவே கியரைச் சரிவு தொடங்குமுன்பே குறைத்துவிட வேண்டும். நடுவழியில் மாற்றப் போய் வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் பிரேக் இருந்தும் இல்லாததுதான். ஈரமண்ணில் பின்சக்கரங்கள் வழுக்கும் என்பதால் பாதி அளவுக்கும் ஒரு நிலை கொடுத்திருக்கிறார்கள், நல்ல யோசனை.

ஏற்றத்தில் பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும் வசதி இரண்டு மூன்று விநாடிகளே நிற்கிறது. பாரம் ஏற்றிய வண்டிக்கு அது போதாது. நான் ஹேண்ட் பிரேக்கைத்தான் நம்புகிறேன்.

என் மனத்தாங்கல் ஐட்லிங், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுவது, பற்றியது. ஏற்றம் ஏறி முடித்ததும் எஞ்சினைச் சட்டென அணைத்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு ஆயில் போவது நின்று, உள்ளே தங்கிய ஆயில் சூட்டில் கருகிப் பேரிங்கில் படியும் என்பதால், மூன்று நிமிடமாவது ஐட்லிங்கில் விட்டுத்தான் அணைக்கிறேன். அதற்கு மேல் ஓடவிடுவது டீசலுக்குக் கேடு, எஞ்சினுக்கும் கேடு. அரைகுறையாக எரிந்த எரிபொருள் கரியாகப் படியும், ஆயிலிலும் கலக்கும். ஆகவே, ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் தானாக அணையும் ஏற்பாட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அணைந்ததைத் தெரிவிப்பது டாஷ்போர்டில் ஒரு சிறு விளக்கு மட்டுமே. ஒலி எதுவும் கிடையாது. கல் உடைக்கும் கிரஷரின் இரைச்சலுக்கு நடுவே, மேல்நோக்கிய வரிசையில் காத்திருந்தபோது என் வண்டி அப்படி அணைந்திருந்தது. முன்வண்டி நகர்ந்ததும், எஞ்சின் ஓடுகிறது என்ற நினைப்பில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. எஞ்சின் உதவி இல்லாததால் ஸ்டியரிங் இரும்பாகக் கனத்தது. பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கில் 8 பார் அழுத்தம் மிச்சமிருந்ததால் கால் பிரேக் பிடித்தது. காற்று கசியும் பழைய வண்டியாக இருந்திருந்தால், பின்னால் நின்றவர் கதி என்னவாகியிருக்குமோ! சர்வீஸ் சென்டரில் முறையிட்டதற்கு, வடிவமைப்பே அப்படித்தான் என்று பதில் வந்தது.

கையேட்டிலும் ஒரு குறை. வண்டி அதிகம் சாய்ந்து நின்றால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அது ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் அதை உறிஞ்ச முடியாமல் போகலாம். அதனால் எத்தனை டிகிரி வரை எஞ்சினை ஓடவிடலாம் என்ற எச்சரிக்கை மிக முக்கியமானது. அதை கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கச்சரிவில் பாரம் ஏற்றும் தொட்டியைத் தூக்கக் கூடாது என்பது மட்டும் முதல் பக்கத்திலேயே, படத்துடன், தெளிவாக உள்ளது.

பாரத்துடன் இறங்குவதே முக்கிய வேலை என்றால் இந்த டிப்பரைத் தயங்காமல் வாங்கலாம். சரிவில் வரிசையில் காத்திருக்க வேண்டியவர்கள், வண்டியை எடுக்கும்போதே அந்த விளக்கோடு ஒரு பஸ்ஸரையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார். இப்போது எஞ்சின் அணைந்தால் கிரஷர் இரைச்சலையும் மீறிக் காதில் விழுகிறது.