பாட்டில் சோதனையா, கீலிங் வரைபடமா?

புவி வெப்பமாதலைப் பாடமாக எடுக்கும்போது பலரும் முதலில் தேடுவது பாட்டில் சோதனையைத்தான். ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு, மேலே விளக்கு, உள்ளே தெர்மாமீட்டர். மாணவர்கள் கையால் செய்து பார்க்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் இரண்டாவது பாட்டில் கூடுதலாகச் சூடானால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் உள்ளே சுழற்சி குறைந்து வெப்பம் வெளியேறுவது தடைபடுகிறது. வளிமண்டலத்தில் நடப்பது இதுவல்ல. தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களை வாயு உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகிறது. விடை சரி, காரணம் தவறு என்று ஒரு பாடத்தை நடத்த எனக்கு மனம் வரவில்லை.

கீலிங் வரைபடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்துவரும் கணக்கு அது. அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கோடு நேராக ஏறாமல் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்ததும் மாணவர்களே ஏன் என்று கேட்பார்கள், அங்கிருந்து வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் வாயுவை இழுத்துக்கொள்வதற்குப் பேச்சு தானாகவே போகும்.

குறையும் உண்டு. வாயு கூடுவதைத்தான் அது காட்டும், பூமி ஏன் சூடாகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டும். இருந்தாலும் வரைபடம் வாசிக்கத் தெரிந்த வகுப்பு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். பாட்டிலைச் செய்தே ஆக வேண்டுமென்றால், அது எங்கே ஏமாற்றுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.