எட்டா, பத்தா, கேமராவா: வடசென்னையில் பறவையும் பூச்சியும் பார்க்க எது தோது?

பெரம்பூரில் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர் கேட்டாலும் சரி, ஞாயிறு விடியலில் பழவேற்காட்டுக்கு வண்டி எடுப்பவர் கேட்டாலும் சரி, கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "பெரிய நம்பரா வாங்குங்க சார், கிட்டத்துல தெரியும்." பைனாகுலர் விஷயத்தில் காசைக் கரியாக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

8×42 என்று போட்டிருந்தால் 8 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள்: 5.25 மி.மீ. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் இது. 10×50-க்கு 5. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் 10×25-க்கு வெறும் 2.5. வெயில் ஏறிய பிறகு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் நம் கண்மணியே அப்போது சுருங்கித்தான் இருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் ரெட்டேரிக் கரையில் நின்றால்தான் குட்டு வெளிப்படும். கோரைக்கு நடுவே நகர்வது நாமக்கோழியா தாழைக்கோழியா என்று 8×42 சொல்லிவிடும். 10×25 கறுப்பாக ஏதோ போகிறது என்பதோடு நின்றுவிடும்.

அப்படியானால் 8×42-க்கும் 10×50-க்கும் என்ன சண்டை? ஒளியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கை நடுக்கத்தில்தான் பிரிகின்றன. பத்து மடங்கு பெருக்கினால் நடுக்கமும் பத்து மடங்கு. 10×50 பல மாடல்களில் ஒரு கிலோவைத் தொடும். எண்ணூர் கழிமுகத்தில் கடல்காற்று முகத்தில் அறையும்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் தோள் தாங்காது. பார்வைப் பரப்பும் குறையும். முருங்கைப் பூவில் ஒரு நொடிகூட நிலைகொள்ளாத தேன்சிட்டைப் பத்தில் தேடிப் பிடிப்பதற்குள் அது பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

பத்து ஜெயிக்கும் இடமும் உண்டு. பழவேற்காட்டுச் சேற்றுத் திட்டில் நூறு மீட்டருக்கு அப்பால் மேயும் கொசு உள்ளான்கள் என்ற குட்டிக் கரைப்பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த வெளிர் நிறம். அந்தத் தூரத்தில் கால் நிறத்துக்கு எட்டு போதாது. (கருஞ்சேறு ஒட்டினால் எல்லாக் காலும் கறுப்புதான் என்பதையும் மறக்க வேண்டாம்.) ஆனால் காலை ஒன்பதைத் தாண்டினால் திட்டின் மேல் கானல் அலையடிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு பத்து மடங்கும் கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். கரைப்பறவைகளே முக்கியம் என்பவர்கள் நாலு பேர் சேர்ந்து முக்காலியோடு 20–60 மடங்கு ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) ஒன்று வாங்குவதே கணக்குக்குச் சரி.

பூச்சி பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அவர்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறைந்தபட்சக் குவியத் தூரம். 10×50-இல் இது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு மீட்டர். தொட்டிச் செடியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி தெளிவாகத் தெரியப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் தண்ணீர்த் தொட்டியில் முதுகு இடிக்கும். நல்ல 8×42 இரண்டு, இரண்டரை மீட்டரில் குவியும்.

அந்த இரண்டு மீட்டரின் மதிப்பு கறிவேப்பிலைச் செடி முன்னால்தான் புரியும். கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டு என்று ஒரு பட்டாம்பூச்சி வருகிறது. ரோஜா அழகியா, அதன் வேடம் போட்ட கறிவேப்பிலை அழகியின் பெண்ணா? சிறகைப் பார்த்தால் ஏமாறுவீர்கள், உடலைப் பாருங்கள். ரோஜா அழகிக்கு உடலே சிவப்பு, வேடதாரிக்குக் கறுப்பு. ரோஜா அழகி புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை தின்று நஞ்சேற்றிக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தப் பயத்தில் வேடதாரியும் பிழைத்துக்கொள்கிறது. கறிவேப்பிலைக் கொழுந்தில் முட்டை வைத்தால் வேடதாரிதான், சந்தேகமே வேண்டாம்.

பூச்சி மட்டும் போதும் என்பவருக்கு அரை மீட்டரில் குவியும் பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 இருக்கிறது. பறவைக்கு அது விடியலில் இருட்டடிக்கும்.

இனி கேமரா. நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத நீள ஜூம் கேமரா) 83 மடங்கு ஜூமோடு 2000 மி.மீ. லென்ஸுக்கு ஈடாக இழுக்கும், எடை ஒரு கிலோ. பார்த்ததற்குச் சாட்சி வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. மணல் உப்புக்கொத்திகள் என்ற கரைப்பறவைகளின் அலகு நீளத்தை வீட்டில் நிதானமாக ஒப்பிடப் பக்கவாட்டுப் படம் ஒன்று கிடைத்தால் போதும். ஆனால் முழு ஜூமில் பறவையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது. குறைந்த ஜூமில் நடுவில் பிடித்து, பிறகு இழுக்க வேண்டும். பறக்கும் ஆலாவுக்கு (கடலோரப் பறவை) ஷட்டர் 1/2000 வினாடி, கம்பியில் உட்கார்ந்த தும்பிக்கு 1/500. சென்சார் சின்னது, மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 800-ஐத் தாண்டினால் இறகெல்லாம் மாவு பிசைந்ததுபோல் ஆகிவிடும். இன்னொன்று: எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருப்பதால் நீண்ட லென்ஸை அந்தத் திசையில் தூக்கினால் காவலாளி வந்து நிற்பார். பைனாகுலருக்கும் கேள்வி வரும். முதுகை அந்தப் பக்கம் திருப்பி நிற்பது நல்லது.

பூச்சிப் படத்துக்கு அவ்வளவு பெரிய கேமராவே தேவையில்லை. போனில் மாட்டும் மேக்ரோ கிளிப் (குட்டி உருப்பெருக்கி லென்ஸ்) போதும், ஆனால் பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். மார்கழிப் பனியில் சிறகு நனைந்து உட்கார்ந்திருக்கும் விடியலே தோதான நேரம். நிழல் அதன்மேல் விழாமல், முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டு நெருங்குங்கள். அந்துப்பூச்சிக்கு அமாவாசையை ஒட்டிய இரவில் கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு, முன்னால் புற ஊதா விளக்கை எரியவிடுங்கள். சாதாரண எல்இடி பல்பில் புற ஊதா மிகக் குறைவு, கூட்டம் சேராது. தெருவிளக்கு வேட்டிமேல் விழாத மூலையாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் தீர்ப்பு: முதல் பணம் 8×42-க்கு. இரண்டாவது அந்த மேக்ரோ கிளிப்புக்கு. பிரிட்ஜ் கேமரா ஒரு வலசைக் காலம் முழுக்கப் பார்த்து, எதற்குப் படம் தேவைப்படுகிறது என்று தெரிந்த பிறகு. 10×50 வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம், முக்காலி அடாப்டர் வாங்குங்கள்.

கடையில் மூன்று சோதனை. கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிக் கண்பக்க ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இல்லாமல் ஓரம் சாம்பல் நிறத்தில் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது மட்டமான முப்பட்டகம். முன்கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பம் பச்சை அல்லது ஊதாவாகத் தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லை. தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் குழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, அரை மணியில் தலைவலி. ஜூம் பைனாகுலரையும் 60×60 என்று எழுதியதையும் கையில் எடுக்கவே வேண்டாம்.

வாங்கியதும் டையாப்டரை (இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சமன்செய்யும் அமைப்பு) சரிசெய்யுங்கள். வலக் குழலை மூடி, இடக் கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் குவியுங்கள். பிறகு இடத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலக் கண்வளையத்தை மட்டும் திருப்புங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே பொருள் சரியில்லை என்கிறார்கள்.

கழிமுகத்திலிருந்து திரும்பினால் கண்ணாடியில் உப்பும் சாம்பலும் படிந்திருக்கும். வேட்டி நுனியால் துடைத்தால் பூச்சில் கீறல் நிச்சயம். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணி. பிறகு சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா. தோல் உறையிலேயே விட்டால் ஐப்பசி மழை முடிவதற்குள் உள்கண்ணாடியில் பூஞ்சை கிளைவிட்டிருக்கும்.