வயல் தெரிந்த கேம், தண்ணீர் தெரிந்த கேம்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பையன்களிடம் என்ன கேம் விளையாடுகிறாய் என்று கேட்டால் ஃப்ரீ ஃபயர், பப்ஜி, ஜிடிஏ என்று நாலைந்து பெயருக்குள் பேச்சு முடிந்துவிடும். விவசாய கேம் ஏதாவது உண்டா என்றால் யாராவது ஒருவர் ஸ்டார்டியூ வேலி என்பார். நல்ல கேம்தான், ஆனால் அதில் பெரும்பாலும் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். பூவாளியை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவில் என்ன விளையும்?

நம் பக்கம் அதிகம் பேசப்படாத மூன்று கேம்கள் இருக்கின்றன: சகுனா, ஃப்ரம் டஸ்ட், டிம்பர்பார்ன். மூன்றுமே தண்ணீரையும் மண்ணையும் நம்பி ஓடுபவை. ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்த ஆளுக்கு இவற்றில் எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி.

சகுனாவிலிருந்து தொடங்குகிறேன். முழுப்பெயர் சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின். 2020 நவம்பரில் வந்தது. எடல்வைஸ் என்ற மிகச் சிறிய ஜப்பானியக் குழு பல வருஷம் உழைத்துச் செய்தது. சொகுசாக வளர்ந்த ஒரு அறுவடைத் தெய்வத்தை, பேய்கள் உலவும் தீவுக்கு விரட்டிவிடுகிறார்கள். கூட வந்த சில மனிதர்களோடு அவள் அங்கே நெல் போட்டுப் பிழைக்க வேண்டும். பாதி கேம் சண்டை, பாதி வயல்.

மற்ற சண்டை கேம்களில் எதிரியை வெட்ட வெட்ட ஆளைப் பலமாக்கும் அனுபவப் புள்ளி, இதில் பேயை வெட்டினால் கிடையாது. அறுவடை முடிந்து அரிசி வீட்டுக்கு வந்தால்தான் சகுனாவுக்குப் பலம் ஏறும். அரிசி மணமாக இருந்தால் ஒரு குணம் கூடும், ஒட்டும் பதம் நன்றாக இருந்தால் இன்னொன்று. அதனால் பெரிய பேயிடம் தோற்றால் வயலுக்குத் திரும்பி, இந்த வருஷம் எங்கே கோட்டை விட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வயல் வேலையை அவர்கள் மேம்போக்காக விடவில்லை. விதை நெல்லை உப்போ மண்ணோ கரைத்த தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளலாம். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து விதையைப் போடுங்கள் என்று நம் வேளாண் துறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். நடும்போது சகுனா பின்னாலேயே நகர்ந்து நடுகிறாள், நெருக்கி நட்டால் அதற்கான விளைவு உண்டு. பிறகு தண்ணீர். எந்தப் பருவத்தில் எவ்வளவு நிறுத்துவது, எப்போது வடிப்பது என்று மடையைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். தூர் கட்டியபின் வயலைக் கொஞ்சம் காயவிட்டால் பயிர் தேறும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் தாத்தாக்கள் சொன்னதை ஜப்பான்காரன் கேமில் வைத்திருக்கிறான். எருவுக்கு அடிப்படைச் சரக்கு என்ன என்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள்.

அறுத்த கதிரைக் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். நாம் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறுகிறோம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குவதற்காகக் கொள்முதல் நிலைய வாசலில் படுத்துக் கிடந்தவர் எவரும் அந்தக் காட்சியைச் சட்டென்று தாண்டிப் போக மாட்டார். ஜப்பானில் இந்த கேமை விளையாடியவர்கள் உதவிக்குறிப்பு தேடி அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்துக்கே போனார்கள். அந்த அளவுக்கு உண்மையான நெல் பயிரிடும் முறை உள்ளே இருக்கிறது.

குறைகள் உண்டு. சண்டை முதலில் ஜோராக இருக்கும், நடுவில் அதே பேய், அதே குகை. தொடக்கத்தில் பேச்சு ரொம்ப நீளம். முதல் வருஷம் இரண்டு குச்சிக்கு நடுவில் கதிரை இழுத்து இழுத்து நெல்லைப் பிரிக்கும்போது கை வலிக்கும், கருவி நல்லதாகக் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும். கேமின் ஒரு வருஷம் கேமுக்குள் பன்னிரண்டு நாளில் ஓடிவிடும், அதில் ஒரே போகம்தான். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தோன்றலாம்.

ஃப்ரம் டஸ்ட் வேறு ஜாதி. 2011இல் உபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் கம்பெனியின் மான்பெல்லியே ஸ்டுடியோவிலிருந்து வந்தது. 1991இல் அனதர் வேர்ல்ட் என்ற கேமைச் செய்த எரிக் ஷாயியின் கற்பனை. இதில் நீங்கள் ஒரு தெய்வ மூச்சு. மண், தண்ணீர், எரிமலைக் குழம்பு மூன்றையும் உருண்டையாக உறிஞ்சி எடுத்து வேறு இடத்தில் கொட்டலாம். முகமூடி போட்ட ஒரு சின்னக் கூட்டம் ஊர் அமைக்க இடம் தேடி நடக்கும். அவர்களுக்கு வழி செய்வது உங்கள் வேலை.

தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆற்றை மறித்து மணலைக் கொட்டினால் சற்று நேரம் நிற்கும், அப்புறம் ஓரத்தில் அரித்து, மணலை அள்ளிக்கொண்டு போய்க் கீழே போட்டு, புதுப் பாதை பிடித்து ஓடும். டெல்டா எப்படி உருவாகிறது, ஆறு ஏன் கிளை பிரிகிறது என்பதெல்லாம் பூகோளப் பாடத்தில் புரியாதவர்களுக்கு இங்கே அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். மணல் கரை நிற்காது, எரிமலைக் குழம்பு குளிர்ந்து பாறையானால்தான் நிற்கும் என்று தெரிந்த பிறகு எனக்குக் கல்லணை ஞாபகம் வந்தது. ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை அமுங்க அமுங்க மேலே அடுக்கி, இடையில் களிமண் பூசிக் கட்டினார்கள் என்று சொல்வார்களே, அது ஏன் என்பதற்கு இந்த கேமில் பதில் கிடைக்கிறது.

சில லெவல்களில் சுனாமி வருவதற்கு முன் கடிகாரம் ஓடும். ஊர்க்காரர்கள் மந்திர இசையைக் கற்று வைத்திருந்தால் தண்ணீர் ஊரைச் சுற்றி விலகிப் போகும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து ஆட்களுக்கு இதைக் கொடுக்கும் முன் சொல்லிவிட்டுக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26 அங்கே பலருக்கு இன்னும் பழைய கதை ஆகவில்லை.

இதன் பெரிய தொல்லை அந்த ஜனங்கள்தான். கண்ணெதிரே பாதை இருந்தும் வழியில்லை என்று கத்துவார்கள். பிசி பதிப்பு வந்த புதிதில் இணையம் இருந்தால்தான் திறக்கும், திரையில் நொடிக்கு 30 படத்துக்கு (பிரேம்) மேல் ஓடாது என்று பெரிய சண்டையே நடந்தது. பிறகு இணையக் கட்டாயத்தை நீக்கினார்கள், ஆனால் அதற்குள் கேமின் பெயர் கெட்டுவிட்டது.

டிம்பர்பார்ன் இந்த மூன்றில் ஓரளவு பெயர் தெரிந்தது. போலந்தின் மெக்கானிஸ்ட்ரி குழு 2021இல் முழுமையாகும் முன்பே விற்பனைக்கு விட்டது. மனிதர்கள் அழிந்துபோன உலகில் பீவர்கள் ஊர் கட்டுகின்றன. பல்லால் மரம் அறுத்து ஓடையில் அணை கட்டுமே, அந்தப் பிராணி. அவ்வப்போது வறட்சி வரும், ஊற்று நின்றுவிடும், தண்ணீருக்குப் பக்கத்து மண் மட்டும் பச்சையாக இருக்கும். எனவே அணை, கரை, ஏற்றி இறக்கும் மதகு. பரந்து கிடக்கும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும், குறுகி ஆழமாகத் தேக்கியது நிற்கும். 120 அடி மேட்டூரைச் சேலம் மலைப் பக்கம் கட்டினார்களே தவிர, திருவாரூர்ச் சமவெளியில் கட்ட முடியாது என்பது இதை விளையாடினால் தானாக விளங்கும். பின்னால் சேர்த்த விஷத்தண்ணீர்ப் பருவமும் உண்டு, அதை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும். நொய்யல் வழியாகக் காவிரிக்கு வரும் சாயக்கழிவை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இதே வரிசையில் ஃப்ளேம் இன் த ஃப்ளட் (2016) என்று ஒன்று உண்டு. ஒரு பெண்ணும் நாயும் வெள்ளத்தில் தெப்பத்தில் போகிறார்கள். பாட்டு அருமை, ஆனால் அது ஆற்றில் போகும் கதை, பாசனக் கதை அல்ல. ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லாவற்றிலும் மொத்த ஆறும் உங்களுடையது. டிம்பர்பார்னில் தலைமடையும் நீங்கள்தான், கடைமடையும் நீங்கள்தான். ஜூன் 12க்கு மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று அண்ணாந்து பார்க்கும் நிலை எதிலும் கிடையாது. மேலே உள்ளவன் மதகை மூடிவிட்டான், முறை வருவதற்குள் நாற்று முற்றிவிட்டது என்ற வயிற்றெரிச்சலை யாராவது கேமாக்கினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். இருப்பதற்குள் டிம்பர்பார்ன்தான் பாசன நிர்வாகத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஃப்ரம் டஸ்ட் வெறும் ஆற்றின் குணத்தோடு நின்றுவிடுகிறது.

இருந்தாலும் ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் சகுனாவை வாங்குங்கள். மற்ற இரண்டும் தண்ணீரைப் புதிராகப் பார்க்கின்றன, இதில் மட்டும் தண்ணீர் பயிருக்காக இருக்கிறது. சண்டை கடினமாகப் பட்டால் எளிய நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. பழைய லேப்டாப் மட்டும் இருந்தால் ஃப்ரம் டஸ்ட், அதுவும் தள்ளுபடி வரும்போது, உபிசாஃப்ட் கணக்கு ஒன்று திறக்கப் பொறுமை இருந்தால். டிம்பர்பார்ன் பீவர்கள் பெருகப் பெருகக் கணினியைத் திணறடிக்கும், நல்ல மெஷின் உள்ளவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும்.