வியாசர்பாடி தம்பிகளுக்கு: டிரஸ்டா, சங்கமா?

ஃபுட்பால் கோச்சிங்கும் ராத்திரி டியூஷனும் நடத்துகிறவர்கள் எதைப் பதிவு செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சங்கத்துக்கு 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது 7 பேர் வேண்டும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அலைச்சல்தான். ஆனால் தலைவர் சரியில்லை என்றால் ஓட்டுப் போட்டு மாற்றிவிடலாம்.

டிரஸ்டுக்கு இரண்டு மூன்று பேர் போதும், பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் வேலை முடிந்தது. எல்லோரும் 1882 இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தைக் காட்டுவார்கள். அது தனியார் டிரஸ்டுக்கானது, பொதுத் தொண்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. மகாராஷ்டிராவில் இருப்பது போல எல்லாப் பொது டிரஸ்டுகளையும் கண்காணிக்கும் சட்டமும் இங்கே கிடையாது, அதனால் பத்திரத்தில் எழுதியதுதான் எல்லாம், ஒரு டிரஸ்டி விலகினால் அடுத்தவரை யார் நியமிப்பது என்ற வரியை டைப் அடிப்பவர் விட்டுவிட்டால் அப்புறம் கோர்ட்தான். டிரஸ்டி பணத்தில் கை வைத்தாலும் அப்படித்தான்: சிவில் நடைமுறைச் சட்டம் 92வது பிரிவில், அந்த டிரஸ்டில் அக்கறையுள்ள இருவராவது கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும்.

யாராவது இடமோ வீடோ எழுதிக் கொடுத்தால் டிரஸ்ட். மாசச் சந்தாவில் ஓடுகிற நண்பர் கூட்டத்துக்குச் சங்கமே சரி.